பகையாளி வீட்டுத் துணி

உப்போடைப்பட்டியில் கண்ணாடி மங்கிய கதையை மேலத்தெருக்காரர்கள் ஒரு விதமாகவும் கீழத்தெருக்காரர்கள் ஒரு விதமாகவும் சொல்வார்கள். இரண்டிலும் மாவு மில் வண்டிமலைதான் கெட்டவர் என்பதால் எந்த விதமாகக் கேட்டாலும் ஒன்றுதான்.

பங்குனிப் பொங்கல் முடிந்து, பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையில், ஊரில் இருந்த கண்ணாடி அத்தனையும் மங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடி, டிவி, செல்போன், தலை சீவுகிற கண்ணாடி, அலமாரிக்குள் கிடந்த கல்யாண சிடி, டீக்கடை பன் பாட்டில் என்று எல்லாவற்றின் மேலும், இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் படிகிற ஆவி மாதிரி ஒரு வெள்ளை படிந்திருந்தது. தொட்டால் விரல் மட்டும் நனையவில்லை. ஊர் அலறவில்லை. கரண்ட் போனால் அடுத்த வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வீட்டிலும் மங்கியிருந்தது. நிம்மதியாகத் திரும்பிப் போய்ப் பல் தேய்த்தார்கள்.

பல் தேய்த்த கையோடு துடைக்க ஆரம்பித்தார்கள். பற்பசையைத் தடவித் துடைத்தார்கள், திருநீற்றைத் தூவித் துடைத்தார்கள், பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைத்தார்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தார்கள், வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தால் சிடியைத் தேய்த்து வீடெல்லாம் எறும்பு வரவைத்தார்கள், சீயக்காய்த் தண்ணீர், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், ஷாம்பு பாக்கெட் என்று அடுப்படியிலும் குளியலறையிலும் இருந்ததெல்லாம் கண்ணாடி மேல் ஏறி இறங்கியது; பித்தளை மின்னும்போது டிவி மின்னாதா என்று ஒரு மகராசி டிவியைப் புளி போட்டு விளக்கினாள், அது மின்னியது, அந்த மின்னலோடு அதன் ஆயுசு முடிந்தது. துடைக்கத் துடைக்க வெள்ளை கூடியதே ஒழியக் குறையவில்லை. கோவில்பட்டிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டியவர்களுக்கு, கடைப்படி இறங்குவதற்குள் அதுவும் மங்கியது. அடுத்தவர் போனைக் கையில் வாங்கினாலும் வாங்கிய கையிலேயே மங்கியது. வியாதி கண்ணாடிக்கு இல்லை, ஊர்க்காரர் கைக்குத்தான் என்று தெரிந்தபிறகு கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வழி குழாயடியில் பிறந்தது. பூரணத்துக்கும் லச்சுமிக்கும் ஒரு பச்சைக் குடத்தைப் பற்றிப் பேச்சு வளர்ந்து, பேச்சு இருவர் மாமியார்களையும் தொட்டுவிட்டுத் திரும்பிய நேரத்தில், லச்சுமி தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை உருவிப் பூரணத்தின் முகத்தில் அடித்தாள். பூரணம் அதை முகத்திலிருந்து வழித்து எறிந்தபோது அவளுடைய மூக்குக்கண்ணாடி, ஆற்று மீனின் கண் மாதிரித் தெளிந்திருந்தது. தெளிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், சண்டைக்குக் காரணமான குடம் தன்னுடையது இல்லை. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பகையாளி வீட்டுத் துணியால் துடைத்தால் தெளியும். சின்னப் பகை என்றால் சாயங்காலம் வரை தெளியும். வரப்புத் தகராறு என்றால் மாசக்கணக்கில் தெளியும். கோர்ட்டில் நடக்கிற வழக்கு என்றால் அந்த வீட்டு டிவியில் நடிகை முகத்துப் பவுடரைக்கூட எண்ணலாம். பகை நிஜமாக இருக்க வேண்டும். மாமனும் மச்சானும் டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே பேசி வைத்து, மறுநாள் சட்டையைப் பிடித்து உருண்டு பார்த்தார்கள்; துணி கிழிந்தது, கண்ணாடி அசையவில்லை. சமாதானம் ஆகிவிட்டால் அந்த நிமிஷமே பழைய வெள்ளை வந்து மூடிக்கொண்டது. அதனால் ஊரில் யாரும் யாரையும் மன்னிப்பதில்லை என்று ஒரு ஒழுங்கு வந்தது. மன்னிக்கிறவனை, வீட்டுக்கு வெளிச்சம் வைக்கத் துப்பில்லாதவன் என்று பொண்டாட்டிமார் ஏசினார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் திருமேனி கூட்டம் போட்டு ஊர் ஒற்றுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேசும்போது அவர் கண்ணாடி சூரியன் மாதிரிப் பளபளத்தது. ஜனங்கள் பேச்சை விட்டுவிட்டுப் பளபளப்பைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு அவரே ஏற்பாடு செய்தார்: குழாயில் தண்ணீர் நின்றதிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை சண்டை நேரம், அதற்கு முன்னும் பின்னும் சத்தம் போடக் கூடாது. அந்த நேரத்தில் பகையாளி வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டால், உள்ளே இருந்து ஒரு கரித்துணி முகத்தில் வந்து விழும், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். கையில் மரியாதையாகக் கொடுத்தால் வேலை செய்யாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் நிலம் எவ்வளவு, நகை எவ்வளவு என்பதோடு, வீட்டுக்கு எத்தனை பேரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றும் விசாரித்தார்கள். கோவிலில் அம்மன் படத்துக் கண்ணாடி மங்கிக் கிடந்ததுதான் பெரிய பிரச்சினை, ஏனென்றால் அம்மனுக்கு யார் பகை என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில், முதல் மரியாதைத் தகராறில் பிரிந்துபோன பக்கத்து ஊர்க் கோவிலில் இருந்து விளக்குத் துடைக்கிற துணியைத் திருடிக்கொண்டு வந்தார்கள். ஒரே துடைப்பில் அம்மன் பளிச்சென்று சிரித்தாள். அதற்கப்புறம் அவளைச் சாந்தசொரூபி என்று மைக்கில் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வண்டிமலை ராஜாவானதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அஞ்சாம் வகுப்போடு நின்றவர், நாற்பது வருஷமாக மில் ஓட்டுகிறவர், புருவம் வரைக்கும் மாவு படிந்தவர். மாவைக்கூட உதறுவார், மனதில் போட்டதை உதற மாட்டார். டீக்கடை ஓச்சப்பன் யாரோ பெரிய மனுஷனுக்குப் போட்ட டீயை ஆறவிட்டு இவருக்குக் கொடுத்ததிலிருந்து அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. திருமேனி திருவிழா நோட்டீசில் இவர் பெயரை அச்சுக்கூடத்தார் பெயருக்குக் கீழே போட்டதிலிருந்து அவர் வீட்டு அரிசியை அரைப்பதில்லை. இப்படித் தெருவுக்கு நாலு பேர். முன்பெல்லாம் முசுடு என்றார்கள். இப்போது அதே ஆள், அதே மூஞ்சி, ஆனால் ஊரிலேயே தெளிந்த கண்ணாடி. அவர் தெருவில் நடந்தால் காக்கா எச்சம் விழுவதற்கு முன்னாலேயே பார்த்து விலகினார். அவரைப் பிடிக்காதவர்களும் அத்தனை பேர் இருந்ததால், கொடியில் காய்ந்த அவருடைய துண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துணிகளை மில்லுக்குள்ளேயே காயப்போட்டார், அவை மாவு ஒட்டிக் கஞ்சி போட்ட மாதிரி விறைத்து நின்றன.

ஓய்வுபெற்ற தபால்காரர் பால்வண்ணம் ஒருநாள் கையால் சுவரைத் தடவிக்கொண்டே மில்லுக்கு வந்தார். ஆயுசில் யாரையும் கடிந்து பேசாதவர். அந்தப் பாவத்துக்கு இப்போது மாட்டின் மேல் மோதி மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுத் திரிந்தார்.

“அண்ணாச்சி, ஒரு உதவி. நீங்க எங்கூடப் பகையாகணும்.”

“உன்னயப் பகைக்க உங்கிட்ட என்ன இருக்கு?”

“ஒருக்கா ஒங்க மணியார்டர லேட்டா கொண்டாந்தேம்லா.”

“அதுக்கு அன்னைக்கே ஏசிட்டேன். தீந்துபோச்சு.”

“ரெண்டு அடியாச்சும் அடிங்களேன்.”

“அடிச்சாலும் நீ என்னய மன்னிச்சிருவ. மன்னிச்சா துணி வேல செய்யாது. மேலத்தெருப் பக்கம் போ. அங்க சும்மாவே யாரையும் வெறுப்பாக.”

இத்தனை பகைக்கும் மேலே, கோபுரத்துக் கலசம் மாதிரி ஒரு பகை வண்டிமலைக்கு இருந்தது. அது கூடப் பிறந்த தங்கச்சி குருவம்மாளோடு.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் குருவம்மாள் மகள் சுகந்திக்குக் கல்யாணம். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் சீர்த்தட்டைச் சுமந்துகொண்டு மண்டபத்து வாசலில் வந்து நிற்க வேண்டும். தானாக உள்ளே காலை வைக்கக் கூடாது. தங்கச்சி மேளத்தோடும் ஆலாத்தித் தட்டோடும் வந்து அழைத்துப் போக வேண்டும். தாலி ஏறுவதற்கு முன்னால் அவன்தான் மருமகள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். வண்டிமலை பட்டம் கட்டவில்லை. பெரியம்மா மகன் ஒருத்தன் கட்டினான். தட்டோடு நின்றேன், கூப்பிட நாதியில்லை என்றார் வண்டிமலை. மேளத்தோடு போனேன், வாசலில் ஆளில்லை என்றாள் குருவம்மாள். வந்தால்தானே கட்டுவதற்கு என்று ஊர் குருவம்மாள் பக்கம் பேசியது, ஏனென்றால் ஊருக்கு அவளைப் பிடிக்கும். எல்லாம் கல்யாண சிடியில் இருக்கும், போட்டுப் பார் என்று அவர் ஆள் விட்டுச் சொன்னபோது, இருந்த ஒரே சிடி பூஞ்சை பிடித்துக் கீறல் விழுந்து பாடாமல் போயிருந்தது. இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது சுகந்தி மஸ்கட்டில் புருஷனோடு இருந்தாள். ஊர் மங்கிய பிறகு அவளுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. ‘நல்லா இருக்கேம்மா, ஒண்ணுமில்லம்மா’ என்று போனில் தினமும் சொன்னாள். குருவம்மாளுக்கு அந்த ‘ஒண்ணுமில்ல’தான் பயம். அவள் புருஷன் தவசியும் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று போனில் சொல்லிச் சொல்லியே, கடைசியில் பிணமாக வேனில் வந்து சேர்ந்தான். குரலை யாரும் நம்பலாம், முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு நிஜம் தெரியும். போனிலோ பால் ஊற்றிய மாதிரி வெள்ளை, வெள்ளைக்குள் மகள் குரல். துடைப்பதற்கு அவளுக்குப் பகையாளி இல்லை. ஊருக்கே பிடித்தவளாக இருந்ததில் வந்த வினை அது. உலகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பகையாளி.

ஒரு தூக்குப்பையில் மல்லியும் மிளகாயும் போட்டுக்கொண்டு அவள் மில்லுக்கு வந்தாள். பேச்சில்லாதவர்கள் நேராகப் பேசக் கூடாது என்பதால், அரைக்கிற மிஷினைப் பார்த்துப் பேசினாள்.

“ஏ மிஷினு, ஒன் மொதலாளி கொடியில இருந்து ஒரு துணிய எம் மேல எறியச் சொல்லு. எம் மக மூஞ்சியப் பாக்கணும்.”

வண்டிமலையும் மிஷினிடம்தான் சொன்னார். “மிஷினு, வந்தவக கிட்டச் சொல்லு. துணி தாரேன். ஆனா மொதல்ல அந்தச் சிடியத் தொடைக்கணும். ஊர்க்காரவுகள வச்சிப் போடணும். நான் வந்து நின்னனா இல்லையான்னு எல்லாவனும் பாக்கணும். அதுக்குப் பெறவுதான் போனு.”

“எம் மகளுக்கு வயித்தக் கிழிச்சித் தச்சிருக்கு. இந்த மனுசனுக்குச் சிடி கேக்குது பாரு மிஷினு.”

“எனக்கும் கிழிச்சதுதான். தைக்கத்தான் ஆளில்ல.”

மிஷின் இருவருக்கும் பொதுவாக உறுமியது. அவள் மிளகாயை அரைக்காமலே எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். இறங்கி, திரும்பி, “நாளைக்குச் சாயங்காலம்” என்று மிஷினிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் குருவம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. சாட்சிக்குத் திருமேனி வந்தார், ஓச்சப்பன் வந்தார், பூரணமும் லச்சுமியும் ஆளுக்கொரு மூலையில் வந்து உட்கார்ந்தார்கள், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றாலும் சத்தத்தையாவது கேட்கலாம் என்று பால்வண்ணம் வந்தார். வண்டிமலை சலவைச் சட்டை போட்டு, தோளில் மாவு விறைத்த துண்டோடு வந்தார். வாசலில் நின்று, “கூடப் பொறந்தவன வாசல்ல காயவிட்டவ வீடு இதுதானா?” என்று முறைப்படிக் கேட்டார். “சீரு கொண்டாராம சீரழிச்சவன் வந்துருக்கானா?” என்று அவளும் முறைப்படிக் கேட்டாள். அவர் துண்டை எறிந்தார். அது அவள் கன்னத்தில் சுளீரென்று விழுந்தது. பதினெட்டு வருஷத்துப் பகை, சும்மாவா? அவள் அதைக்கொண்டு சிடியை ஒரு இழுப்பு இழுத்தாள். பூஞ்சை போயிற்று, கீறல் போயிற்று, நேற்றுத்தான் கடையில் வாங்கிய மாதிரி ஏழு நிறமும் அடித்தது. டிவியை ஒரு இழுப்பு இழுத்தாள். அதில் எல்லார் தலையும் தெரிந்தது. போனை நோக்கிக் கையைக் கொண்டுபோனபோது வண்டிமலை துண்டைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பெறவு” என்றார், டிவியைப் பார்த்து.

சிடி ஓடியது. ரோஜாப்பூ சுற்றிச் சுற்றி விரிந்தது, அதன் நடுவில் மாப்பிள்ளை முகமும் பொண்ணு முகமும் சுழன்று வந்தன, பிறகு மண்டபம் வந்தது. அவ்வளவுதான், கூடத்தில் இருந்த சாட்சிகள் எல்லோரும் சாட்சி சொல்ல வந்ததை மறந்துபோனார்கள்.

“ஏ, நாந்தான் அது! எம்புட்டு முடி பாரு!” என்றார் திருமேனி.

“பந்தியில மூணாவது எலை நானு. அப்பளம் வாங்குதேன் பாரு, அந்தக் கை எங் கைதான்” என்றார் ஓச்சப்பன்.

“என் சேலய நீ அன்னைக்கே கேட்டு வாங்கிக் கெட்டிருக்க, திருப்பித் தரல” என்று பூரணம் மூலையிலிருந்து கத்தினாள். லச்சுமி திருப்பிக் கத்தினாள். நிறுத்து, பின்னால் ஓட்டு, முன்னால் ஓட்டு, நான் சிரிக்கிறது வருதா என்று ஆளாளுக்குத் தன்னைத் தேடி டிவிக்குப் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டார்கள். ஊர் தன் மூஞ்சியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பார்த்தது இரண்டு பேர்தான். தவசி பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணீர்ச் செம்போடு ஓடினான். செத்தபிறகு அவன் நடந்து குருவம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் கை தானாக நீண்டு டிவிக் கண்ணாடியைத் தொட்டது. பிறகு கேமரா மண்டபத்தின் கிழக்கு வாசல் பக்கம் திரும்பி, சமையல்காரர்கள் குழம்பு அண்டாவைத் தூக்கி வருவதைக் காட்டியது. அண்டாவுக்குப் பின்னால் வெயிலில், தலையில் சீர்த்தட்டோடு, சீர் என்றால் கிழக்கு வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும் என்கிற பிடிவாதத்தோடு, வண்டிமலை நின்றுகொண்டிருந்தார். வேர்வை கழுத்தில் வழிந்தது. கேமரா நகர்ந்து ரோட்டைப் பார்த்த வாசலுக்குப் போனது. அங்கே வாழைமரத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் நடுவில், விருந்தாளி என்றால் அலங்கார வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்கிற நம்பிக்கையோடு, மேளக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆலாத்தித் தட்டில் சூடம் எரிந்து எரிந்து அணைய, குருவம்மாள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அணைந்த சூடத்துக்கு மேல் இன்னொரு சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

வண்டிமலையும் அதைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. “நிறுத்து! பின்னால ஓட்டு! எலேய், எல்லாவனும் இங்க பாருங்கடே, கெழக்கு வாசல்ல யாரு நிக்கான்னு பாருங்கடே!” என்று கத்தினார். ஓச்சப்பன் அப்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவம்மாள் மிஷினைத் தேடவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே” என்றாள். “வேர்க்க வேர்க்க நின்னுருக்கியேண்ணே.”

“நீயுந்தான ஆத்தா சூடத்த ஏத்தி ஏத்தி வச்சிருக்க” என்றார் அவர். சொல்லிய வாயை மூடுவதற்குள் டிவி மேலிருந்து கீழாக வெள்ளையாகிவிட்டது. சிடியும் உள்ளே மங்கி நின்றது. முன்னால் முட்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்ட் போய்விட்டதா என்று ஃபேனை அண்ணாந்து பார்த்தார்கள்.

குருவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தோளில் இருந்த துண்டை உருவிப் போனைத் துடைத்தாள். ஒன்றுமில்லை. அழுத்தித் துடைத்தாள். இருந்ததைவிட வெள்ளை கூடியது. அது இப்போது அண்ணன் துண்டு. அண்ணன் துண்டால் எதைத் துடைத்து என்ன ஆகும்? அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தினமும் சுகந்தி பேசுகிற நேரம். “அம்மா, நல்லாருக்கேம்மா, ஒண்ணுமில்லம்மா” என்று வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது. குருவம்மாள் போனை மார்போடு வைத்துக்கொண்டு, “பகையா இருக்கையில பாத்திருக்கணும், கெட்டேன்” என்று மெல்லச் சொன்னாள். அண்ணனைக் குற்றம் சொல்கிற குரலில்கூடச் சொல்லவில்லை. அதுதான் வண்டிமலையை அறுத்தது.

முதலில் அவர் கையைத்தான் பிசைந்தார். பிறகு யோசித்தார். பகைக்கிற விஷயத்தில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்திலேயே ஆள் கிடையாது. எந்தச் சொல் எத்தனை நாள் தாங்கும், எந்தச் செய்கை எத்தனை வருஷம் தாங்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர். ஏச்சு போதாது, அவள் சிரித்துவிடுவாள். அடி போதாது, அண்ணன்தானே என்றுவிடுவாள். இன்னதற்காகச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கேயே மன்னித்துவிடுவாள்; மன்னித்தால் மங்கிவிடும். மன்னிக்க முடியாததாக அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்குள் தவசி செம்போடு ஓடிக்கொண்டிருந்தான். அதற்குள்தான் வண்டிமலையும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார், இன்னும் ஊரில் ஒருத்தன்கூடப் பார்க்காமல்.

அவர் பிளேயரின் பொத்தானை அமுக்கினார். சிடி நாக்கை நீட்டுவது மாதிரி வெளியே வந்தது. எடுத்து, எல்லோரும் பார்க்க இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலில் வைத்து ஒடித்தார். ஒடித்ததை மறுபடி ஒடித்தார்.

“ஒம் புருசன் பவுசு போதும்” என்றார். “ஆலாத்தித் தட்டோட நடிச்சியாக்கும். ஒங்க வீட்டு வாசப்படி எனக்குச் செருப்புக்குச் சமானம்.”

குருவம்மாள் கீழே கிடந்த சிடித் துண்டுகளைப் பார்த்தாள். பிறகு, ஊருக்கே பிடித்தவளாக அறுபது வயசு வரை இருந்தவள் வாயிலிருந்து, குழாயடியே கேட்டறியாத வார்த்தைகள் வந்தன.

“பாடையில போறவனே! எம் புருசன ரெண்டாம் தடவ கொன்னுட்டியே! ஒன் மில்லு வேக, ஒங் கை புழுக்க! நீ எனக்கு அண்ணனா, எமன்டா நீ, எமன்!”

கையில் இருந்த துண்டாலேயே அவரை விளாசினாள். முதுகில் விளாசினாள், முகத்தில் விளாசினாள், கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் கையைக்கூடத் தூக்காமல் பின்னாலேயே போய்ப் படி இறங்கினார். துண்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். உள்ளே இன்னும், “அம்மா, என்னம்மா சத்தம், அம்மா” என்று போன் கத்திக்கொண்டிருந்தது.

லச்சுமிதான் முதலில் கண்டாள். “யக்கா! கையில துண்டு இருக்குக்கா! தொடைக்கா, ஆறிப்போறதுக்கு முன்னால தொடைக்கா!”

வண்டிமலை வேலிப் படலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். கண்ணாடி இல்லாமல் தெரு கலங்கித் தெரிந்தது. உள்ளே ஏச்சு ஓடிக்கொண்டே இருந்தது, அந்தப் பாவி, அந்தச் சண்டாளன், என்று ஓடி வந்த ஏச்சு சட்டென்று நடுவில் நின்றது.

“ஏட்டி சுகந்தி” என்றாள் குருவம்மாள். “ஏன்டி இப்படி மெலிஞ்சிட்ட? கழுத்தெலும்பு தெரியுதே. தலைய இங்கிட்டுத் திருப்பு. கண்ணக் காட்டு. இன்னுங் கொஞ்சம் கிட்ட வா.” மகள் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். “ம். பொய் சொல்லல. தேறிருவ. சோறு திங்கியா இல்லையா, கழுத?”

அதற்குமேல் அவர் நிற்கவில்லை.

அன்று ராத்திரி ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். வண்டிமலை கல்யாணத்துக்கு வரவே இல்லை, சிடியில் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் ஒடித்தான் என்று ஓச்சப்பன் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். நானே கண்ணால் பார்த்தேன், வாசலில் ஆளே இல்லை என்று திருமேனி சாட்சி சொன்னார். பால்வண்ணம்கூட, மனசு நொந்து, அந்த மனுசனை நான் மதிக்க மாட்டேன் என்று ஆயுசில் முதல் தடவையாக ஒருத்தரை வெறுத்தார். மறுநாள் மில் வாசலில் கிடந்த ஒரு கோணித் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தெரு எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே நடந்தார். வண்டிமலை யாருக்கும் பதில் சொல்லவில்லை. எல்லோரையும் ஞாபகம் மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆனால் குருவம்மாள் பகையை வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி. புரட்டாசி பிறப்பதற்குள் அவள் ஏச்சில் சுருதி குறைந்துவிட்டது. போனின் ஓரத்தில் லேசாக வெள்ளை வருகிறது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். தீபாவளி அன்று, பாவம் ஒத்தை ஆள், என்ன தின்கிறானோ என்று சொல்லி, ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பு ஊற்றிப் பூரணத்திடம் மில்லுக்குக் கொடுத்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டிமலை அந்தத் தூக்குவாளியோடு தெருவில் வந்தார். குருவம்மாள் வீட்டு வாசலில், அவள் அன்று காலையில் போட்ட கோலத்துக்கு நடுவில், பண்டிகைச் சட்டை போட்ட ஜனங்கள் எல்லாம் பார்க்க, குழம்பைக் கவிழ்த்து ஊற்றினார்.

“உப்பு இல்ல” என்றார் சத்தமாக. “மாட்டுக்கு வைக்கிற தண்ணி இதவிட ருசியா இருக்கும்.”

அவள் வெளியே வந்து போட்ட சத்தம் பக்கத்து ஊர்க் கோவில் வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில் போனுக்கு ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஊர் கணக்குப் போட்டது. கவிழ்ந்த வாளியில் இருந்து கோலத்தில் விழுந்தது இரண்டு கரண்டிக் குழம்புதான் என்பதையும், அதில் கறி என்று ஒரு துண்டுகூட இல்லை என்பதையும், அத்தனை தெளிந்த கண்ணாடிகளில் ஒன்றும் கவனிக்கவில்லை.